மருத்துவ ரசீதுகளை அனுப்ப எத்தனை நாள் கெடு?

நீங்கள் கேட்டது ஒரே வரிதான்: "கிளெய்ம் அனுப்ப எத்தனை நாள் கெடு?" விவரத்தைப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. முழங்கால் ஜவ்வு அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. சிங்கப்பூர் மருத்துவமனைக் கட்டணத்தை, தனியார் காப்புறுதி நிறுவனத்திடம் நீங்கள் எடுத்த ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் பார்த்துக்கொண்டது. அறுவைக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேன், சிறப்பு மருத்துவரைப் பார்த்த இரண்டு தடவை, அதன் பிறகு செய்த ஃபிசியோதெரபி, இவற்றின் ரசீதுகள் அப்படியே கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் வருமா என்பது முதல் கேள்வி. நீங்கள் கைக்காசாகக் கட்டிய பங்கை அலுவலகக் காப்புறுதியில் கேட்டதற்கு, முப்பது நாள் தாண்டிவிட்டது என்று அலுவலக ஊழியர் பிரிவான எச்ஆர் சொன்னது சரியா என்பது இரண்டாவது. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் உங்கள் தம்பி போன மாதம் கட்டுமானத் தளத்தில் ஏணியிலிருந்து விழுந்தாரே, அதற்கும் கெடு உண்டா என்பதைக் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் பெரியது அதுதான். அதை முடிவில் விரிவாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

சிங்கப்பூரில் எல்லா மருத்துவக் காப்புறுதிக்கும் பொதுவான ஒரு கெடு கிடையாது. எந்தக் காப்புறுதி, யார் அனுப்ப வேண்டியது, எந்தத் தேதியிலிருந்து நாள் எண்ணுகிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்து அது மாறும். இதில் பலரும் குழம்புவதற்குக் காரணம், மருத்துவமனையில் தங்கிய செலவுக்கு நாம் எதுவுமே அனுப்ப வேண்டியதில்லை என்பதுதான். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ், அதன் மேல் தனியார் நிறுவனத்திடம் எடுக்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் ஆகிய மூன்றுக்கும் மருத்துவமனையே மின்னியல் முறையில் கோரிக்கை அனுப்பிவிடும். சேர்க்கையின்போது அனுமதிப் படிவத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து அதற்காகத்தான். ஷீல்டு திட்டம் வைத்திருப்பவர் மெடிஷீல்டு லைஃபுக்கென்று தனியாக எதுவும் கேட்க வேண்டாம். மெடிஷீல்டு லைஃபை நடத்தும் மத்திய சேம நிதிக் கழகத்தின் பங்கையும் தன் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போடுவது அந்த நிறுவனத்தின் வேலை. இது இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதால் எல்லாமே முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். வார்டுக்கு வெளியே, வேறு ஸ்கேன் மையத்திலும் வேறு கிளினிக்கிலும் நாம் கட்டிய பணம் மருத்துவமனையின் கணினிக்குத் தெரியாது. அதை நாம்தான் அனுப்ப வேண்டும். கெடு தாண்டிப் போவது ஏறக்குறைய எப்போதும் இந்தப் பகுதியில்தான்.

இப்போது உங்கள் ரசீதுகளுக்கு வருகிறேன். மெடிஷீல்டு லைஃப் அறுவைக்கு முன்னும் பின்னுமான வெளிநோயாளிச் செலவை ஏற்பதில்லை. அதை ஏற்பது உங்கள் ஷீல்டு திட்டத்தின் தனியார் பகுதிதான். அங்கே இரண்டு வெவ்வேறு கால அளவுகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, எந்தத் தேதிக்குள் நடந்த சிகிச்சைக்குப் பணம் தருவார்கள் என்பது. சேர்க்கைக்கு முன் இத்தனை நாள், வீடு திரும்பிய பிறகு இத்தனை நாள் என்று பாலிசியில் இருக்கும். 90, 100, 180, 365 நாள் என்று திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். நிறுவனத்தின் பேனல் மருத்துவரிடம், அதாவது அதன் பட்டியலில் உள்ள மருத்துவரிடம், செய்திருந்தால் கூடுதல் நாள் தரும் திட்டங்களும் உண்டு. இரண்டாவது, அந்த ரசீதை எந்தத் தேதிக்குள் அவர்கள் கையில் சேர்க்க வேண்டும் என்பது. ஃபிசியோதெரபி 180 நாளுக்குள் செய்யப்பட்டதால் மட்டும் பணம் வந்துவிடாது. ரசீதும் அதற்குரிய நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பாலிசிப் புத்தகத்தில் பொது நிபந்தனைகள் பகுதியில், கோரிக்கை அறிவிப்பு என்ற தலைப்பின் கீழ் இந்த எண் இருக்கும். சுருக்கத் துண்டறிக்கையில் இருக்காது. ஏஜென்ட் வாயால் சொன்ன எண்ணை நம்பாதீர்கள், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த வாசகத்தில் நாள் எதிலிருந்து ஓடுகிறது என்பதையும் பாருங்கள். வீடு திரும்பிய நாளிலிருந்தா, ஒவ்வொரு ரசீதின் தேதியிலிருந்தா, சிகிச்சை முடிந்த நாளிலிருந்தா? ரசீதின் தேதி என்றால், ஐந்து மாதத்துக்கு முந்திய எம்ஆர்ஐ தாண்டிப் போயிருந்தாலும் போன வாரம் செய்த ஃபிசியோதெரபி தாண்டியிருக்காது. எல்லாம் போய்விட்டது என்று மொத்தக் கட்டையும் குப்பையில் போடுகிறவர்கள், இன்னும் உயிருள்ள ரசீதுகளையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

கெடு தாண்டினால் கட்டாயம் மறுப்பார்களா? கெடு என்பது பாலிசி ஒப்பந்தத்தின் நிபந்தனை, ஆகவே மறுக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. இது உறுதி. அந்த இடத்தை ஒவ்வொரு தடவையும் பயன்படுத்துவார்களா என்பது உறுதியில்லை. "நியாயமாக முடிந்த அளவு விரைவில்" என்ற சொற்றொடரும் பல பாலிசிகளில் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் எழுதி, அறுவைக்கான கோரிக்கை ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருப்பதைக் குறிப்பிட்டு அனுப்பினால், ஷீல்டு திட்டங்களில் ஏற்றுக்கொள்ளப்படுவது உண்டு. அவர்களுக்குத் தெரியாத புது நோய் எதையும் நீங்கள் கிளப்பவில்லை, தெரிந்த அறுவையின் முன்பின் செலவைத்தான் கேட்கிறீர்கள். ஆகவே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சேர்க்கை தேதி, வீடு திரும்பிய தேதி, அறுவையின் பெயர், முந்தைய கோரிக்கையின் எண், ரசீதுகளின் பட்டியல், தாமதத்துக்கான உண்மையான காரணம் ஆகியவை இருந்தால் போதும். காரணம் "தெரியவில்லை" என்பதாக இருந்தால் அப்படியே எழுதுங்கள். புதிதாக ஒன்றைக் கட்டிச் சொல்வது, பின்னால் வேறொரு தாளோடு ஒத்துப்போகாமல் உங்களையே கடிக்கும்.

தாள் எல்லாம் முழுமையாகச் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கெடு தவறுவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை. மருத்துவ அறிக்கைக்கு மருத்துவமனையில் தனியாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பல வாரம் காத்திருக்க வேண்டும். அது வந்த பிறகு மொத்தமாக அனுப்பலாம் என்று வைத்திருந்தால், அறிக்கை வரும் நாளில் கெடு போயிருக்கும். கையில் இருப்பதை இன்று அனுப்பி, "மருத்துவ அறிக்கைக்கு இன்ன தேதியில் விண்ணப்பித்திருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதி, விண்ணப்ப ரசீதையும் இணைத்துவிடுங்கள். குறைத் தாளோடு வந்த கோரிக்கையை நிறுவனம் நிலுவையில் வைக்கும். வராத கோரிக்கையை என்ன செய்ய முடியும்?

இந்தச் சில்லறை ரசீதுகளுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். தனியார் மருத்துவமனைக்கான பல ஷீல்டு திட்டங்களில் ஆண்டுக்கு முதல் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நம் பொறுப்பு. இதைத்தான் டிடக்டிபிள் என்கிறார்கள். மிச்சத்தில் பத்து விழுக்காடும் நம் பங்கு. கட்டணம் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 3,500 போக 16,500. அதில் 1,650 நம் பங்கு. ஆக நீங்கள் 5,150 கட்டுகிறீர்கள், காப்புறுதி 14,850 கட்டுகிறது. அந்த 3,500 அறுவைக் கட்டணத்திலேயே கழிந்துவிட்டது. அதே பாலிசி ஆண்டுக்குள் வரும் முன்பின் செலவுகளில் அதை மறுபடி கழிக்க மாட்டார்கள். ஸ்கேன், மருத்துவர், ஃபிசியோதெரபி எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளி என்றால், பத்து விழுக்காடு போக 1,800 வெள்ளி திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. விட்டுவிடக்கூடிய தொகை இல்லை.

தாள்களில் எங்கே சிக்கல் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிசியோதெரபிக்கு அறுவை செய்த மருத்துவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதன் தேதி முதல் ஃபிசியோதெரபிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ரசீதில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த உடற்பகுதிக்கு என்ன சிகிச்சை, எந்தத் தேதியில், யார் செய்தார் என்று பிரித்துக் காட்டும் விலைப்பட்டியல் வேண்டும். கேட்டால் கிளினிக்கில் அச்சடித்துத் தருவார்கள். கிரெடிட் கார்டு எந்திரம் துப்பும் துண்டுச் சீட்டு, பணம் கட்டியதற்குச் சான்று மட்டுமே. அந்தச் சீட்டும் சில கிளினிக் ரசீதுகளும் வெப்பத்தாளில் அச்சாவதால் நாளாக ஆக எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடலாம். ஐந்து மாதம் ஆகிறது என்கிறீர்கள், இன்றிரவே எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். மங்கிப்போனவற்றுக்குக் கிளினிக்கில் நகல் கேளுங்கள். மருத்துவமனையின் இடைக்காலக் கட்டணச் சீட்டைக் கொண்டும் வேலையாகாது, இறுதி விலைப்பட்டியல்தான் செல்லும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது பெயர். அடையாள அட்டையில் தந்தை பெயரோடு "எஸ் ஓ" (இன்னாரின் மகன்) போட்டு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் தந்தை பெயர் ஏறி இன்னொரு மாதிரி, ஸ்கேன் மையத்தில் பதிவு செய்த பெண் எழுதிக்கொண்டது முதலெழுத்தோடு வேறொரு மாதிரி. ஒரே ஆளின் மூன்று ரசீதில் மூன்று பெயர். சரிபார்ப்பவர் நிறுத்தி வைத்துவிடுவார். பெயர் எப்படி இருந்தாலும் அடையாள அட்டை எண் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். எண் இல்லாத ரசீதைக் கிளினிக்கில் கொடுத்து எண்ணைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. மருத்துவரின் குறிப்பில் "பல ஆண்டுகளாக முட்டி வலி" என்று ஒரு வரி இருந்தால், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த கோளாறா என்று விசாரிப்பார்கள். மெடிஷீல்டு லைஃப் முன்பே இருந்த நோய்களையும் ஏற்கும், தனியார் பகுதி அப்படியில்லை. அந்த வரி உண்மையானால் மாற்றச் சொல்லாதீர்கள். உண்மையில்லாமல், அவசரத்தில் எழுதப்பட்டதாக இருந்தால், மருத்துவரிடம் விளக்கக் கடிதம் கேட்பது உங்கள் உரிமை.

திருச்சிக்கு விடுமுறையில் போனபோது நான்கு தடவை ஃபிசியோதெரபி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கையும் தனியாக வையுங்கள். மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குக் கிடையாது. ஷீல்டு திட்டங்கள் வெளிநாட்டில் ஏற்பவை பெரும்பாலும் அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும்தான். உங்கள் பாலிசியில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய அது வராது. அதைச் சேர்த்து அனுப்பி மற்ற ரசீதுகளைத் தாமதப்படுத்த வேண்டாம்.

அலுவலகக் காப்புறுதி வேறு கணக்கு. அது உங்கள் நிறுவனத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கெடு. ஷீல்டு திட்டங்களைவிட இங்கே கண்டிப்பு அதிகம். ஆனால் எச்ஆர் சொன்ன முப்பது நாள் பாலிசியின் கெடுவா, எச்ஆர் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட உள்விதியா என்று கேளுங்கள். மாதக் கடைசியில் ஒரே கட்டாக அனுப்புவதற்காகப் பாலிசியில் உள்ளதைவிடக் குறைந்த நாளை ஊழியர்களுக்குச் சொல்லும் அலுவலகங்கள் இருக்கின்றன. பாலிசியில் உள்ள வாசகத்தை எழுத்தில் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஷீல்டு நிறுவனம் எவ்வளவு கட்டியது, உங்கள் பங்கு எவ்வளவு என்ற தீர்வுக் கடிதம் வந்த பிறகுதான் மிச்சப் பங்கை அலுவலகக் காப்புறுதியில் கேட்கவே முடியும். அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணும்படி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏற்பார்களா என்பது அந்த நிறுவனத்தின் கையில். கேட்க வேண்டியது நம் வேலை.

ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. மொத்தமாக வருவது செலவைத் தாண்டக் கூடாது. உங்கள் பங்கை மெடிசேவிலிருந்து கட்டியிருந்தால், அலுவலகக் காப்புறுதி தரும் பணம் மெடிசேவ் கணக்குக்குத்தான் திரும்பிப் போகும், கையில் வராது. இதைச் சொல்லாமல் இரண்டு பக்கமும் அசல் ரசீதைக் காட்டுவது மோசடியாகப் பார்க்கப்படும். அடுத்த தடவை அறுவை என்று வந்தால், சேர்வதற்கு முன்பே அலுவலகக் காப்புறுதியை முதலில் பயன்படுத்த முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோரிக்கை இருந்தால் ஷீல்டோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்பான ரைடருக்கு அடுத்த ஆண்டு சந்தா ஏறும் திட்டங்கள் இருக்கின்றன. ஆகவே ஷீல்டைத் தொடாமல் முடிந்தால் நல்லது. வேலை மாறும் எண்ணம் இருந்தால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே எல்லா ரசீதையும் எச்ஆரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். போன பிறகு உங்கள் கோப்பைத் தள்ளிவிட அங்கே ஆள் இருக்காது.

ஷீல்டு நிறுவனம் மறுத்துவிட்டால் முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதிப் பதிலை எழுத்தில் கேளுங்கள். நான்கு வாரத்தில் தீராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, ஃபிட்ரெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். இங்கேயும் ஒரு கெடு உண்டு. நிறுவனம் இறுதிப் பதில் தந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் அந்தக் கடிதத்தின் தேதியைக் குறித்து வையுங்கள். முதல் கட்டமான சமரசத்துக்கு உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. வழக்கறிஞரும் தேவையில்லை.

இனி தம்பியின் விஷயம். "முதலாளி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இன்சூரன்ஸ் என்று உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை அனுமதிச் சீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் முதலாளி இரண்டு காப்புறுதி வைத்திருக்க வேண்டும். ஒன்று நோய்க்கும் வேலைக்குச் சம்பந்தமில்லாத விபத்துக்கும் உள்ள மருத்துவக் காப்புறுதி. 2023 ஜூலை 1 முதல் அதன் அளவு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அதற்கு முன் 15,000தான். இப்போது முதல் 15,000க்கு மேல் போகும் தொகையில் கால் பங்கை முதலாளி ஏற்க வேண்டும். மற்றது வேலையிடக் காயத்துக்கான காப்புறுதி. அது 2019ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வருவது, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தளத்தில் ஏணியிலிருந்து விழுந்தது இந்த இரண்டாவதில்தான் சேர வேண்டும். முதலாவதில் போட்டாலும் மருத்துவமனைக் கட்டணம் கட்டப்பட்டுவிடும், பார்வைக்கு எல்லாம் சரியாக முடிந்தது போலவே இருக்கும். ஆனால் மருத்துவ விடுப்புச் சம்பளமும், கை கால் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் கிடைக்கவேண்டிய நிரந்தர ஊன இழப்பீடும் அதில் இல்லை. பின்னால் அழுது பயனில்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

வேலைக் காய இழப்பீட்டுக்குக் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு. ஒரு நாள் மருத்துவ விடுப்போ, இலகுவேலைச் சான்றோ மருத்துவர் கொடுத்திருந்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குப் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். போன மாதம் நடந்தது என்றால் அந்தப் பத்து நாள் முடிந்துவிட்டது. தெரிவித்தாயிற்றா என்று கேளுங்கள், தெரிவித்ததற்கான எண்ணையும் வாங்குங்கள். மழுப்பினால் தம்பியே அமைச்சிடம் நேரடியாகத் தெரிவிக்கலாம், அதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டியதில்லை. ஊனத்தின் அளவை மருத்துவர் கணக்கிடுவது காயம் ஓரளவு நிலைப்பட்ட பிறகுதான், அதற்குப் பல மாதம் ஆகலாம். கணக்கீடு வரட்டும் என்று இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கோரிக்கை முதலில் உள்ளே போக வேண்டும், கணக்கீடு அதன் பின்னே வரும்.

கிடைக்கவேண்டியவற்றின் அளவையும் எழுதிவிடுகிறேன். மருத்துவச் செலவு, விபத்திலிருந்து ஓர் ஆண்டு வரையிலோ உச்சத்தொகை வரையிலோ, எது முதலில் வருகிறதோ அதுவரை. அந்த உச்சம் 45,000 வெள்ளியாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000. மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளம். மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கும் அவர்கள் கொடுத்த ஓய்வு விடுப்புக்கும் சேர்த்து 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஓர் ஆண்டு வரை. இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை. முந்தைய பன்னிரண்டு மாதத்தின் சராசரி வருமானம் அது, மிகைநேர ஊதியமும் அதில் சேரும். கட்டுமானத் துறையில் கூடுதல் நேரம் பார்த்தே சம்பாதிக்கிற தம்பிக்கு இந்த வேறுபாடு பெரியது. சம்பளச் சீட்டுகளை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் வழக்கமான சம்பள நாளிலேயே வர வேண்டும், வழக்கு முடியட்டும் என்று நிறுத்தி வைக்க முதலாளிக்கு உரிமையில்லை. மருத்துவச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கவும் உரிமையில்லை.

மருத்துவக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இந்த வாரமே பாருங்கள். அவசரப் பிரிவில் கூடப் போன மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் பேசி, "விடுதிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லியிருந்தால், பின்னால் வரும் எல்லாத் தாளும் அதைத்தான் திருப்பிச் சொல்லும். குறிப்பு தவறாக இருந்தால் அடுத்த மருத்துவச் சந்திப்பில், எந்தத் தளம், எத்தனை மணி, எவ்வளவு உயரம், என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதைத் தம்பி தன் வாயால் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் போதும், மொழிபெயர்ப்புக்கு ஆள் கேட்கலாம். பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் பெயர், ஏணியின் படம், அன்றைய வருகைப் பதிவு, இவை நாள் ஆக ஆகக் கிடைக்காமல் போகும். தளத்தில் ஏணி ஒரு வாரத்தில் இடம் மாறும், ஆட்கள் ஒரு மாதத்தில் வேறு தளம் போய்விடுவார்கள்.

ஊனக் கணக்கீடு முடிந்து தொகையைக் குறித்து அறிவிப்பு வரும்போது, அதை ஏற்க முடியாவிட்டால் ஆட்சேபிக்க 14 நாள்தான். அது ஆங்கிலக் கடிதமாக விடுதி முகவரிக்கோ நிறுவன முகவரிக்கோ வந்து கிடக்கும். தம்பியின் கைபேசி எண்ணும் உங்கள் முகவரியும் கோப்பில் இருக்கும்படி செய்யுங்கள். இழப்பீட்டை வேண்டாம் என்று நீதிமன்றம் போக நினைத்தால், காய வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் கடைசிவரை கொண்டுபோக முடியும். நீதிமன்றத்தில் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே இல்லை. எது நல்லது என்பதைக் காயத்தின் அளவைப் பார்த்து ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். அந்த முடிவை நான் இங்கிருந்து சொல்வது சரியாக இருக்காது. வழி கேட்க மனிதவள அமைச்சு இருக்கிறது, வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, லிட்டில் இந்தியாப் பக்கம் காயமுற்ற ஊழியர்களுக்கு உணவும் ஆலோசனையும் தரும் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. தமிழில் பேசும் ஆட்கள் அங்கே கிடைப்பார்கள்.

கடைசியாக, "ஏதோ ஒரு தாளில் கையெழுத்து கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். கட்டங்கள் காலியாக இருக்கும் படிவத்திலோ, படிக்கத் தெரியாத தாளிலோ தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். இழப்பீட்டுக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன், வேலைக்கு வெளியே விழுந்தேன் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போடாமல், தாளின் படத்தோடு அன்றைக்கே அமைச்சுக்கு எழுதுங்கள்.